ஒரு சீட்டு, ரெண்டு இடுப்பு

"அவரால முடியாதுக்கா. சொன்னா கேளு. வண்டிய விட்டு இறங்கும்போது நீ பாத்ததே இல்லியா? மொதல்ல கதவப் புடிக்கிறாரு, அப்புறம் கூரையப் புடிக்கிறாரு, அப்புறம் சாமியப் புடிக்கிறாரு. அப்படித்தான் இறங்குறாரு."

"மெதுவாப் பேசுடா. உள்ளதான் படுத்திருக்காரு."

"கேக்கட்டுமே. நானே போய் புள்ளைய கூட்டிட்டு வரேன்னு சொல்றேன். அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல. நீயே உள்ள போய் அவருகிட்டச் சொல்லு. சொல்லிட்டு முழுசா வெளிய வா, பாப்போம்."

உள்ளே ஏணி அண்ணன் வெறுந்தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் ரெண்டும் நாற்காலி மேல் கிடந்தன. ஆள் அத்தனை உயரம் என்பதால் டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர் ஏணி. வெளியே சமையல்கட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அவருடைய மனைவியும், அவளுடைய தம்பியும். தம்பிக்கும் ஸ்டாண்டில் ஒரு பெயர் உண்டு. குள்ளமாக, உருண்டையாக, நாலு பக்கமும் மடித்துக் கட்டின மாதிரி இருப்பான். பொட்டலம்.

ஒவ்வொரு வார்த்தையும் ஏணி அண்ணன் காதில் விழுந்தது. எழுந்து போய் ரெண்டு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கோபம் வந்தவுடன் எழுந்திருக்க அவரால் முடியாது. முதலில் நாற்காலியிலிருந்து காலை இறக்க வேண்டும், பிறகு ஒருக்களிக்க வேண்டும், கையை ஊன்ற வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி போட வேண்டும். அதற்குள் கோபமே ஆறிப்போகும்.

விஷயம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வேலை பார்க்கும் மகள் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளே அங்கே நர்ஸ். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பஸ்ஸில் ஏற முடியாது. பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்துத்தான் கூட்டிவர வேண்டும். போனில் அவள் அழாமல்தான் பேசினாள். வைக்கும்போது மட்டும், "அப்பா, நீயே வாப்பா. வேற யாரையும் அனுப்பாத" என்றாள். இவரும், "நான்தாம்மா வருவேன். வேற எவன் வருவான்?" என்று பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டார். சொன்னபோதும் தரையில் மல்லாந்துதான் கிடந்தார். அது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். அன்று வெள்ளி.

இடுப்பு வலி நேற்று வந்ததில்லை. அது இத்தனை நாளும் கூடவே இருந்த சொந்தக்காரன் மாதிரி. திட்டலாம், ஆனால் விரட்ட முடியாது. அவரைப் பயமுறுத்தியது வேறு ஒன்று. இந்த வாரம் ஒரு சிக்னலில் நின்றபோது, பிரேக்கில் இருந்த வலது பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கால் அங்கேதான் இருந்தது. கண்ணால் பார்த்தால் தெரிந்தது. ஆனால் பிரேக்கை மிதிக்கிறோம் என்ற உணர்வு மட்டும் இல்லை. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை ஓரங்கட்டி, ஷூவைக் கழற்றி, கட்டைவிரலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மனைவி சாவியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுவாள்.

வண்டி ஒன்றுதான். அதை ஓட்டுவது ரெண்டு பேர். விடியலிலிருந்து மாமா, மதியத்துக்கு மேல் மச்சினன். வண்டியைக் கை மாற்றுவது ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தண்ணீர் குழாயடியில். மாமா இறங்குவார், மச்சினன் ஏறுவான். "டயர்ல காத்து பாத்துக்க", "ஏசி கொஞ்சம் சத்தம் போடுது", அவ்வளவுதான் பேச்சு. இடுப்பைப் பற்றி ரெண்டு பேரும் வாயே திறக்க மாட்டார்கள். ஏனென்றால் ரெண்டு பேருக்குமே ஒரே பயம். வலிக்கிறது என்று ஒருத்தன் சொன்னால், மற்றவன் ஸ்டியரிங்கை மொத்தமாக எடுத்துக்கொள்வான்.

இத்தனைக்கும் ஏணி அண்ணன் இடுப்பைக் காட்டப் போனபோதே பிசியோதெரபி அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தன் கையைச் செருகிக் காட்டினார். "இங்க ஒரு குழி இருக்கு பாருங்க, பெல்ட்டுக்கு கொஞ்சம் மேல? உங்க வண்டி சீட்டு இந்த இடத்துல உள்வாங்கிப் போயிருக்கும். அத நிரப்பணும். தாங்கினா போதும், தள்ளக் கூடாது. மொதல்ல பின்பக்கத்த சீட்டு மூலை வரைக்கும் கொண்டு போய் ஒட்டி உக்காருங்க. அப்புறம்தான் முதுகுக்குப் பின்னாடி ஒரு துணிச் சுருளு. கால் மரத்துப் போச்சுன்னா ஓட்டாதீங்க, நேரா எங்கிட்ட வாங்க."

ஏணி அண்ணன் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். 'நிரப்பணும்' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சீட் கவரின் பின்பக்க ஜிப்பைத் திறந்து, மனைவியின் தையல் மூட்டையிலிருந்து எடுத்த ஸ்பான்ஜ் துண்டு ஒன்றை உள்ளே சொருகினார். முதல் நாள் சொர்க்கமாக இருந்தது. முதுகை யாரோ கையால் தாங்கிப் பிடித்த மாதிரி. பயணிகளிடம்கூடச் சிரித்துப் பேசினார்.

மறுநாள் காலை ஏறி உட்கார்ந்தால் சீட்டே வேறு மாதிரி இருந்தது. ஸ்பான்ஜ் அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே ஏதோ ஒன்று வால் எலும்பை முன்னால் நெட்டியது. சறுக்கி சறுக்கி முன்னால் வந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டினார். சரி, ஸ்பான்ஜ் மெலிசு, சீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் குத்துகிறது என்று நினைத்து இன்னொரு துண்டைச் சொருகினார். அதற்கும் மறுநாள் நிலைமை இன்னும் மோசம். ஒரு துண்டை எடுத்துவிட்டு ஒரு டவலை மடித்து வைத்தார். பிறகு டவலையும் வைத்து, துண்டையும் வைத்தார்.

ஓட்டும்போது ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் புட்டத்தைத் தூக்கி உட்காருவார். சாய்மானத்தை ஒரு பல் பின்னால் தள்ளுவார், அடுத்த திருப்பத்தில் முன்னால் இழுப்பார். பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து டேஷ்போர்டில் போடுவார். ஒரு பாட்டி பின்னாலிருந்து, "தம்பி, எறும்பு கடிக்குதா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சீட்டு கடிக்குது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வழியாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"யாரால முடியாதுன்ன?"

பொட்டலம் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்பைப் பார்த்தாள்.

"மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ சொன்னத நான் கேட்டுட்டேன் மாப்ள. என் பொண்ணு என்னத்தான் வரச் சொல்லிருக்கா. உனக்கு அந்த மலைப்பாதை எத்தனை வளைவுன்னாவது தெரியுமா?"

"வளையுறது ரோடுதான மாமா. நீங்க வளைஞ்சா தானே கஷ்டம்."

"வாயப் பாரு. நாளைக்கு வண்டிய எனக்கு விட்டுடு. ஒரு பெரிய ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்."

"ஓட்டிப் பாருங்க. எங்கயாச்சும் சிக்கிக்கிட்டா போன் பண்ணுங்க. வந்து பிரிச்சு எடுக்கிறேன்."

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றாள் மனைவி. "வண்டிய யாரு ஓட்டினாலும் என் புள்ள அதுல படுத்துக்கிட்டு வரணும். காலையில அந்த சீட் கவரெல்லாம் கழட்டித் துவைக்கப் போறேன். உள்ள உக்காந்தா பழைய சாக்கு நாத்தம் அடிக்குது."

ஏணி அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொட்டலத்துக்கும் அதேதான். ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

"கவர் நல்லாத்தான இருக்கு," என்றார் இவர்.

"நேத்துதான்க்கா தொடச்சேன்," என்றான் அவன்.

"தொடச்ச லட்சணம் தெரியுது," என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஏணி அண்ணன் பல் தேய்க்கும் முன்பே வண்டிக்குப் போனார். யாருக்கும் தெரியாமல் ஸ்பான்ஜை உருவிவிடலாம் என்ற நினைப்பு. அங்கே ஏற்கெனவே பொட்டலம் நின்றுகொண்டிருந்தான். டிரைவர் கதவு திறந்திருந்தது.

"என்ன மாப்ள, இந்நேரத்துல?"

"காத்து... டயர்ல காத்து பாக்கலாம்னு."

"சீட்டுக்குள்ளயா காத்து பாக்குற?"

அவன் பதில் சொல்வதற்குள் மனைவி வாளியோடு வந்துவிட்டாள். ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு, ஜிப்பை சரக்கென்று இழுத்து, கையை உள்ளே விட்டாள்.

முதலில் வந்தது ஸ்பான்ஜ் துண்டு. "இது நான் தைக்கிற சட்டைக்குத் தோள்ல வெக்க எடுத்து வெச்சது." அடுத்து டவல். "இது நான் ஒரு வாரமாத் தேடுறது." பிறகு இன்னொரு ஸ்பான்ஜ். ஏணி அண்ணன் வானத்தைப் பார்த்தார். வந்ததெல்லாம் அவருடைய சரக்குதான். ஆனால் அவள் கையை இன்னும் கீழே விட்டாள். அங்கிருந்து குளியலறை மிதியடி ஒன்று நாலாக மடித்து வந்தது. அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் செருப்பு. ஒற்றைச் செருப்பு. கடைசியாக, மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கட்டிப்பிடித்துத் தூங்கிய குட்டித் தலையணை.

ஏணி அண்ணன் வாயைப் பிளந்தார். "இதெல்லாம் நான் வெக்கலையே!"

"அப்ப மேல இருந்தது எல்லாம்?" என்றாள்.

"மேல இருந்தது... அது மட்டும்தான் என்னுது."

அவள் மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாள். திருடின இடத்திலேயே மாட்டிக்கொண்டவன் மாதிரி விழித்தான் பொட்டலம்.

"எனக்கும் இடுப்பு போச்சுக்கா," என்றான் கடைசியில். "ரொம்ப நாளா. மாமாகிட்டச் சொன்னா அவரே ரெண்டு வேளையும் ஓட்டுவேன்னு நிப்பாரு. அவரு இருக்கிற இருப்புல செத்துப் போவாரு. அதான் நானே கொஞ்சம் கொஞ்சமா அடைச்சேன். ஆனா நான் அடைக்க அடைக்க, மேல ஏதோ ஒண்ணு என் தோள்பட்டைய முன்னாடி தள்ளிக்கிட்டே இருந்துச்சு. கூன் போட்டு ஓட்டினேன். சீட்டுதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

ஏணி அண்ணனுக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவர் உயரத்துக்கு இடுப்புக் குழி இருக்கும் இடத்தில், குள்ளனான இவனுக்குத் தோள் எலும்பு இருக்கிறது. இவனுக்குக் குழி இருக்கும் இடத்தில் அவருக்கு வால் எலும்பு. காலையில் அவர் தனக்காக அடைத்ததுதான் சாயங்காலம் இவனைக் கூனாக்கியது. சாயங்காலம் இவன் அடைத்ததுதான் காலையில் அவரை முன்னால் சறுக்க வைத்தது. இப்படியே மாறி மாறி, ஆளுக்கு ஒரு தலையணை வீதம் ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பாசத்தில்தான்.

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு மாடும் ஒரே தொழுவத்துல நின்னுக்கிட்டு, ஒண்ணுக்கொண்ணு பேசாம... செருப்புடா! செருப்ப வெச்சு எவனாச்சும் முதுகுக்கு முட்டுக் கொடுப்பானா?"

"அது நல்ல ரப்பர்க்கா."

"இன்னொரு செருப்பு எங்கடா?"

"அது டிக்கியில இருக்கு. தேவப்பட்டா வெச்சுக்கலாம்னு."

சிரிப்பு அடங்கியதும் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். டவலைக் கெட்டியாகச் சுருட்டி, ஸ்பான்ஜ் ஒன்றை அதன்மேல் சுற்றி, பழைய டிரைவர் யூனிஃபார்ம் துணியில் ஒரு உறை தைத்தாள். கை முஷ்டி தடிமன்தான், அதற்கு மேல் வேண்டாம் என்று பிசியோ அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டாள். ரெண்டு முனையிலும் நாடா வைத்து, ஹெட்ரெஸ்ட் கம்பியில் தொங்கவிட்டாள். சுருளை மேலே கீழே நகர்த்தலாம். பிறகு ரெண்டு பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் குழியைத் தேடினாள். கண்டுபிடித்த இடத்தில் நாடாவில் ஒரு முடிச்சு. மேல் முடிச்சு ஏணிக்கு. கீழ் முடிச்சு பொட்டலத்துக்கு.

"இனிமே எவன் ஏறினாலும் தன் முடிச்சுக்கு மாத்திட்டுத்தான் சாவியத் திருப்பணும். சீட்டுக்குள்ள எதையாச்சும் சொருகினதப் பாத்தேன், உங்களையும் சேத்துத் தெச்சிடுவேன்."

ஏணி அண்ணன் ஊரைச் சுற்றும் பெரிய சாலையில் ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் பொட்டலம். பின்பக்கத்தை சீட்டு மூலை வரைக்கும் ஒட்டி உட்கார்ந்தார். சுருள் குழியில் சரியாக உட்கார்ந்தது. தள்ளவில்லை, தாங்கியது. சீட்டையும் ஒரு பல் முன்னால் இழுத்தார், கிளட்சை எட்டி மிதிக்க வேண்டாமே என்று. நன்றாகத்தான் இருந்தது. பாலம் தாண்டியது. மார்க்கெட் தாண்டியது. பொட்டலம், "மாமா, ராசா மாதிரி இருக்கீங்க" என்றான்.

அதற்கும் கொஞ்ச தூரம் தாண்டிய பிறகு பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மரத்துப் போகவில்லை. ஆனால் மரத்துப் போவதற்கு முன்னால் வரும் அந்த ஊர்தல். அவருக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா என்று நினைத்தார். மகள் போனில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. நீயே வாப்பா. அடுத்து, பின்சீட்டில் மாவுக்கட்டோடு அவள் படுத்திருப்பதும், மலை வளைவும், கீழே பள்ளமும் ஞாபகத்துக்கு வந்தன.

இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, காலை உதறிக்கொண்டு மறுபக்கம் நடந்து போனார்.

"நீ ஓட்டு மாப்ள."

"என்னாச்சு?"

"கால்ல உணர்ச்சி போகுது. இந்த வாரம் சிக்னல்ல ஒரு தடவ சுத்தமா போயிடுச்சு. உங்க அக்காகிட்டச் சொல்லாத. இல்ல, சொல்லு. நானே சொல்லிடறேன். உன் முடிச்சுக்கு மாத்திக்கோ."

பொட்டலம் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. சுருளைக் கீழே இறக்கி, சீட்டை முன்னால் இழுத்து ஏறி உட்கார்ந்தான்.

விஷயம் தெரிந்ததும் மனைவி சாவியை அரிசி டப்பாவில் போடவில்லை. ஆனால் போட்டிருக்கலாம் என்று தோன்றும்படி ஒரு பார்வை பார்த்தாள். திங்கட்கிழமை பிசியோ அம்மாவிடம் போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

ஞாயிறு காலை ரெண்டு பேருமாகக் கிளம்பினார்கள். ஓட்டியது பொட்டலம். ஏணி அண்ணன் பக்கத்து சீட்டில். பயணியாக உட்கார அவருக்குத் தெரியவே இல்லை. இல்லாத பிரேக்கை மிதித்தார். "கியர மாத்து", "ஹாரன் அடி", "அந்த லாரிக்காரன நம்பாத" என்று உயிரை வாங்கினார். மேடு ஏறும் முன்னால் வண்டியை நிறுத்தி, இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க ரெண்டு பேரும் ரோட்டோரம் நடந்தார்கள். திரும்பி வந்து ஏறி, வளைவு வந்ததும் மறுபடியும் ஆரம்பித்தார். "மாமா, வாய்க்கு ஒரு சுருள் தெச்சுத் தரச் சொல்லவா அக்காவ?" என்றான் பொட்டலம்.

மகள் இருந்த தெருமுனையில் பொட்டலம் வண்டியை நிறுத்தினான்.

"இறங்குங்க மாமா. இந்தத் தெரு மட்டும் உங்களுது."

"உங்க அக்கா?"

"அக்கா இங்க இல்ல. கால் எப்படி இருக்கு?"

ஏணி அண்ணன் இறங்கி, வலது பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். செருப்புக்கு அடியில் சின்னக் கல் ஒன்று குத்துவது தெரிந்தது. அந்த வலி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் டிரைவர் கதவைத் திறக்கவில்லை. மறுபடியும் பக்கத்து சீட்டிலேயே ஏறினார்.

"நீயே ஓட்டு. அவளுக்குத் தெரியட்டும்."

மகள் ஊன்றுகோலோடு வாசலில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள், ஸ்டியரிங்கில் இருந்த தாய்மாமனைப் பார்த்தாள், பிறகு பக்கத்துக் கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து இறங்கிய அப்பாவைப் பார்த்தாள். நர்ஸ் கண். ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது.

"எத்தன நாளாப்பா கால் இப்படி?"

"நீ மொதல்ல உன் காலப் பாரு."

"ரெண்டு பேருமா நொண்டிக்கிட்டு வீட்டுக்குப் போனா அம்மா என்ன செய்வா?"

"தெச்சிடுவா," என்றான் பொட்டலம்.

பின்சீட்டில் அவளை ஏற்றி, காலை நீட்டி வைத்தார்கள். முட்டிக்கு அடியில் சீட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. வண்டி அசைந்தபோதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். ஏணி அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கையை நீட்டி, ஹெட்ரெஸ்டில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தார். "கொஞ்சம் முன்னாடி சாய் மாப்ள." சுருளை உருவி மகளின் முட்டிக்கு அடியில் செருகினார். அவள் மூச்சை விட்டாள். மலை இறங்குவதற்குள் தூங்கியும் போனாள்.

வழி நெடுக முன்னால் ரெண்டு ஆண்களும் நெளிந்துகொண்டே வந்தார்கள். நடுவில் பொட்டலம் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, அந்த மிச்சச் செருப்பை எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். ஏணி அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

இப்போது ஏணி அண்ணன் பிசியோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஸ்டியரிங் இன்னும் கைக்கு வரவில்லை. மனைவி புதுச் சுருள்கள் தைத்துவிட்டாள். ஆனால் வெயிலில் வண்டி நின்றால் ஸ்பான்ஜ் தொளதொளவென்று அமுங்கிப் போகிறது. டவல் மட்டும் வைத்தால் கல் மாதிரி இருக்கிறது. முடிச்சும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஒரே வண்டியை ரெண்டு பேர் ஓட்டுகிற வீடு உங்களுடையது என்றால், முதுகுக்கு நீங்கள் என்ன வைக்கிறீர்கள், எந்த உயரத்தில் வைக்கிறீர்கள், ஆள் மாறும்போது அதை எப்படி மாற்றுகிறீர்கள்? பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். ஏணி அண்ணன் தரையில் படுத்துக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு பதிலையும் படிப்பார்.